பால் டீ குடிக்கிறவர்களுக்கு நாக்கே இல்லையாம்!

ஞாயிற்றுக்கிழமை நடந்த தேயிலைக் கூட்டத்தில், பால் டீ குடிக்கிறவர்களுக்கு நாக்கே இல்லை என்கிற மாதிரி ஒரு நிபுணர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்தாச்சு, பகிர்ந்தாச்சு, கிண்டலும் பண்ணியாச்சு. ஆனால் நான் மதிக்கிற நண்பர் ஒருவரே நேற்று ராத்திரி "அவர் சொன்னதில் என்ன தப்பு?" என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

தப்பு இருக்கிறது, நண்பரே. நான் அந்த அரங்கில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் போனவள். கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பாக ஏதோ ஊற்றிக் கொடுத்துவிட்டு மனிதர் ஆரம்பித்தார். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க வைப்பது தேயிலைக்குச் செய்கிற அவமானமாம். நம் ஜனங்களுக்கு டீ குடிக்கவே தெரியாதாம். டீக்கடைகளில் போடுவது ஃபேக்டரி தரையில் கூட்டி அள்ளிய தூசியாம். கைதட்டல் வேறு.

முதலில் அந்தத் தூசி விஷயத்தை முடித்துவிடுகிறேன். டஸ்ட் என்பது ஒரு ரகம். இலையை வாட்டி, நசுக்கி, கிழித்து, சுருட்டி, காய வைத்த பிறகு சல்லடையில் சலித்துப் பிரிப்பார்கள். பெரிதாக இருப்பது பிரோக்கன், அதைவிடச் சின்னது ஃபேன்னிங்ஸ், ஆகப் பொடியானது டஸ்ட். குன்னூர் ஏலத்தில் இலை ரகத்துக்குத் தனியாகவும் டஸ்ட் ரகத்துக்குத் தனியாகவும் விலை போகும். சில வாரங்களில் டஸ்ட்தான் விலையில் முந்தும். நிஜமான கழிவுத் தேயிலையைக் கட்டுப்படுத்த 1959லேயே தனி ஆணை போட்டிருக்கிறார்கள். நொய்யரிசியைப் பார்த்துத் தரையில் கூட்டிய அரிசி என்று யாராவது சொல்வார்களா? பொடியாக இருப்பதால் சீக்கிரம் இறங்குகிறது, கடுப்பாக இறங்குகிறது, பால் ஊற்றினாலும் நிறமும் ருசியும் நிற்கிறது. டீக்கடைக்காரர் அதை வாங்குவதற்குக் காரணம் அதுதான். நிபுணருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே சொல்கிறார், அதுதான் எரிச்சல்.

பால் டீ குடிக்கிறவர்களுக்கு நாக்கு இருக்கிறது. எங்கள் ஆபீஸ் சந்து முனைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாருங்கள். ஒருவர் "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்பார். இன்னொருவர் "லைட்டா, நல்லா ஆத்தி" என்பார். "ஏடு போடாதீங்க" என்று ஒரு குரல், "எனக்கு ஏடு வேணும்" என்று பின்னாலேயே ஒரு குரல். மாஸ்டர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பாய்லரில் இருந்து வெந்நீரைப் பிடித்து, கறுத்துப்போன துணி வடிகட்டியில் ஊற்றித் தூக்கி, இன்னொரு குவளைக்கு மாற்றித் திரும்ப ஊற்றுகிறார். டிகாஷன் எந்த நிறத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். டபரா அளவு உயரத்தில் ஆற்றத் தொடங்குகிற டீ தலைக்கு மேல் போய் இறங்கும்போது கிளாஸில் நுரை நிற்கும். ஏழெட்டு டீ, ஏழெட்டு விதம். ஒன்றுகூட மாறிப் போகாது. ஒருநாள் தூள் மாறினால் போதும், முதல் மடக்கிலேயே "என்ன மாஸ்டர், கடை மாத்திட்டீங்களா?" என்று லோடு ஆட்டோக்காரர் கேட்டுவிடுவார். இவருக்கு நாக்கு இல்லையாம்.

நான் உண்மையில் எரிந்துபோனது வேறொரு இடத்தில். "பால் இல்லாத டீயைக் குடிக்கப் பழகுங்கள், அதற்கு ஒரு பக்குவம் வேண்டும்" என்றார் பாருங்கள், அங்கே.

எங்கள் அம்மாச்சி வால்பாறையில் கொழுந்து எடுத்தவர். அட்டைக் கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்துக்கொண்டு, தலையில் கட்டிய கூடையோடு மழையில் நின்றவர். லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பால் இல்லாத டீதான். பக்குவத்தால் இல்லை, பால் வாங்கக் காசு இல்லாததால். கறுப்பு டீ, கையில் ஒரு துண்டு கருப்பட்டி, அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். அம்மா வேலைக்குப் போய் நாங்கள் சமவெளிக்கு இறங்கிய பிறகு, பால்காரர் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்த பிறகு, அம்மாச்சி தன் டீயில் தாராளமாகப் பால் ஊற்றிக்கொள்வார். டீ வெளுத்துப் போகும். "டீயா, பாலா?" என்று நாங்கள் சிரித்தால், "இருக்கிறப்ப ஊத்திக்கிறேன்டி, உனக்கென்ன" என்பார். அவருக்குப் பால் டீ என்பது மலையில் இருந்து இறங்கி வந்ததற்கான சம்பளம். அதைத்தான் அந்த மேடையில் அவமானம் என்றார்கள். யாருக்கு அவமானம்? செடிக்கா? அம்மாச்சி இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பார், என்னால் அவ்வளவு நன்றாகக் கேட்க வரவில்லை.

இப்படிப் பாடம் எடுப்பதும் புதிதில்லை. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியர்களிடம் டீயை விற்க தோட்ட முதலாளிகள் படாத பாடு பட்டார்கள். 1903ல் தேயிலைக்கு வரி விதித்து, அந்தப் பணத்தில் பிரச்சாரம் செய்தார்கள். ரயில் நிலையத்தில் டீ, மில் வாசலில் டீ. பிறகு நம் ஆட்கள் பாலைக் கூட்டி, இஞ்சி ஏலக்காய் தட்டிப் போட்டதும் அவர்களுக்குக் கோபம் வந்தது. ருசி கெட்டதால் வந்த கோபம் என்று நினைக்கிறீர்களா? தூள் குறைவாகச் செலவாகிறதே என்ற கோபம். அன்றைக்கும் நாங்கள் கேட்கவில்லை. இன்றைக்கு நாட்டில் விளைகிற டீயில் ஐந்தில் நான்கு பங்கை நாமே குடிக்கிறோம், பெரும்பாலும் பால் ஊற்றித்தான். குடிக்கத் தெரியாதவர்கள் குடித்துத்தான் இந்தத் தொழிலே நிற்கிறது.

சரி, இனி கமெண்ட்டில் வரப்போகிறவர்களுக்கு. சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்பீர்கள். ஆமாம், குறைத்துப் போடச் சொல்லுங்கள், முடிந்தது. சாயம் கலந்த தூள் விற்கிறார்களே என்றால், விற்கிறார்கள், பிடிக்கட்டும், அதற்குத்தான் உணவுப் பாதுகாப்புத் துறை. பிளாஸ்டிக் கவரில் சூடாகப் பார்சல் கட்டுகிறார்களே என்றால், 2019லேயே தடை வந்துவிட்டது, இன்னும் கட்டுகிறவர்களை நானும் திட்டுகிறேன். வீட்டில் இருந்து தூக்கு கொண்டு போங்கள்.

"டீக்கடையைப் புகழ்கிறாயே, இரட்டைக் குவளை மறந்துவிட்டதா?" என்று ஒரு தோழர் கேட்பார். அவருக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். மறக்கவில்லை. சாதி பார்த்து உள்ளே உட்காரவிடாமல், தனிக் குவளையில் ஊற்றி, குடித்ததும் கழுவி வைத்துவிட்டுப் போ என்று சொன்ன கடைகள் இந்த ஊரைச் சுற்றியே இருந்தன. சட்டம் வந்த பிறகு சில இடங்களில் அதே வேலையை பேப்பர் கப் செய்கிறது. ஒருவருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொருவருக்குத் தூக்கிப் போடுகிற கப். கேட்டால் சுத்தம் என்பார்கள். டீக்கடையைச் சமத்துவபுரம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் அந்தக் குவளையை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் கடையை மூடச் சொல்லவில்லை. அதே பெஞ்சில், அதே கிளாஸில், அதே டீ வேண்டும் என்றுதான் கேட்டார்கள்.

பெண்கள் நிற்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: நான் நிற்கிறேன். முதலில் தனியாகப் போனபோது பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இப்போது என் தலையைக் கண்டதும் "அக்காவுக்கு ஸ்ட்ராங்" என்று ஒரு குரல் வந்துவிடுகிறது. எல்லா ஊரிலும் இப்படியா என்றால் இல்லைதான். அதற்காகக் கண்ணாடிக் குடுவைக்கு மாறிவிட முடியாது.

நல்ல இலை டீ எனக்கும் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில் பனிக்காலத்தில் எடுக்கிற கொழுந்தின் வாசனை தனி. அதைப் பால் இல்லாமல் குடிப்பவர்கள் குடியுங்கள், யார் தடுத்தது? அதைக் குடிப்பதற்காக எங்களை ஏன் மட்டம் தட்ட வேண்டும்?

அவ்வளவு நேரம் அந்த மேடையில் பேசினார்கள். மண், உயரம், பனி, தண்ணீரின் சூடு எல்லாம் வந்தது. கொழுந்து எடுத்த கை ஒரு தடவைகூட வரவில்லை. இந்தியாவும் இலங்கையும் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே வந்தது, அது வரவில்லை. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகிற விலை கேட்டு நீலகிரி சிறு விவசாயிகள் எத்தனை முறை போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், அது வரவில்லை. 1999 ஜூலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களை போலீஸ் அடித்து விரட்டி, தாமிரபரணியில் ஒரு குழந்தையோடு சேர்த்து 17 பேர் செத்தார்களே, அதுவும் வரவில்லை. தேயிலைக்கு நடந்த அவமானத்தைப் பற்றிப் பேசுகிற இடத்தில் இதெல்லாம் வந்திருக்க வேண்டாமா?

கூட்டம் நடத்திய நண்பர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். அடுத்த மாதமும் இருக்கிறதாம், அழைப்பு வந்தது. கட்டாயம் வருகிறேன். கேள்வி நேரத்தில் மைக்கை மட்டும் என்னிடம் கொடுங்கள். அந்தக் குடுவையில் இருக்கிற இலையை எடுத்த பெண்ணுக்கு நாள் கூலி எவ்வளவு, அவள் வீட்டில் காலையில் என்ன டீ போட்டார்கள் என்று நிபுணரிடம் கேட்க வேண்டும்.