பங்குனியும் பட்டாளமும்

புளி உலுக்கி முடித்தாயிற்று. இந்த வாரம் எங்கள் தெருவில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் சாக்கு விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் ஓடு உடைக்க, ஒருத்தர் நார் உரிக்க, இன்னொருத்தர் கொட்டை எடுக்க, கை பாட்டுக்கு வேலை நடக்கிறது. வாய் மட்டும் உலகம் சுற்றுகிறது. யார் வீட்டுப் பையன் லீவில் வந்திருக்கிறான், யாருக்கு லீவு கிடைக்கவில்லை, யாரை எந்த பார்டருக்கு மாற்றினார்கள் என்பதெல்லாம் எனக்கு அந்தத் திண்ணையில்தான் தெரியவரும். டிவி விவாதத்தில் உட்காருகிற ஓய்வுபெற்ற ஜெனரல்களைவிட எங்கள் தெருப் பெண்களுக்கு ஜம்மு, ராஜோரி, தவாங் பூகோளம் அத்துப்படி.

வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில் பட்டாளத்து வீடு இல்லாத தெரு அபூர்வம். கண்ணமங்கலம் சாலைப் பக்கம் இருக்கிற கம்மவான்பேட்டைக்கு 'ராணுவப்பேட்டை' என்றே பெயர் ஆகிவிட்டது. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் உலகப்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று பொறித்திருக்கும். யாருடைய சண்டைக்கு என்றே தெரியாமல் போனவர்கள் அவர்கள். ஆள் அனுப்புவது எங்களுக்கு அவ்வளவு பழைய வழக்கம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி எழுதினால் "முதலில் எல்லைக்குப் போய் நின்று பார்" என்று கீழே வந்து எழுதுவதற்கு ஒரு கூட்டம் இருக்கிறது. என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் போகவில்லை. கண் பவர் அப்படி, உயரமும் ஒத்துழைக்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

விடியற்காலை ஏரிக்கரைப் பக்கம் போனால் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஏரி வற்றி, கரை இறுகி, வெயில் இன்னும் கொளுத்த ஆரம்பிக்காத இந்த மாதங்கள்தான் ஓடுவதற்குத் தோது. புங்கமரமெல்லாம் புதுத் தளிர் விட்டு எண்ணெய் தடவியதுபோல் மின்னும், கீழே உதிர்ந்த பூ மேல் கால் படாமல் ஓட முடியாது. ராணுவத்தில் அக்னிவீராகச் சேருவதற்கான தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் 60 மார்க். பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40 மார்க். ஒன்பதடிப் பள்ளம் தாண்ட வேண்டும். கம்பி எங்கே கிடைக்கும்? பழைய பம்ப்செட் பைப் ஒன்றை இரண்டு வேப்பமரத்துக்கு நடுவில் கட்டி அதில் தொங்குகிறார்கள். துரு கையில் ஒட்டாமல் இருக்க சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறார்கள். தலையிலும் தோளிலும் வேப்பம்பூ கொட்டியிருக்கும். ஒருத்தன் தொங்க, மற்றவர்கள் "இன்னும் ஒண்ணுடா, இன்னும் ஒண்ணு" என்று எண்ணுகிறார்கள்.

எதற்காக இந்த ஓட்டம்? நாலு வருஷத்துக்கு.

2022 ஜூன் 14 அன்று, முப்படைக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்தார்கள். இதில் சேருகிறவர்தான் அக்னிவீர். பதினேழரை வயதிலிருந்து எடுப்பார்கள். நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு 25 பேரை நிரந்தரமாக வைத்துக்கொண்டு மீதிப் பேரை அனுப்பிவிடுவார்கள். போகும்போது சுமார் 11.71 லட்சம் ரூபாய் கையில் தருவார்கள். அதிலும் பாதி, பையனின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம். பென்ஷன் கிடையாது, கிராஜுட்டியும் கிடையாது. நிரந்தரச் சிப்பாய்க்கு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 90 நாள் லீவு என்றால் அக்னிவீருக்கு 30 நாள்.

அரசு சொன்ன காரணத்தை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. படையின் சராசரி வயது 32-லிருந்து 26-க்கு இறங்கும் என்றார்கள். இமயமலை உச்சியில் நிற்பதற்கு இளரத்தம் வேண்டும்தான். அவர்கள் உரக்கச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 6.81 லட்சம் கோடியில் ஏறக்குறைய 1.6 லட்சம் கோடி பென்ஷனுக்கே போகிறது. அந்தப் பணத்தை விமானத்துக்கும் ட்ரோனுக்கும் திருப்ப வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அது நியாயமான வாதம். அதை நாடாளுமன்றத்தில் வைத்து, நாலு நாள் விவாதம் நடத்தி, ஊருக்குச் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாமே? ஒரு செவ்வாய்க்கிழமை பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவித்தார்கள், முடிந்தது. அதற்கு முன்பே உடல்தகுதியில் தேறி எழுத்துத் தேர்வுக்காகக் காத்திருந்த பையன்களின் தேர்வை அப்படியே ரத்து செய்தார்கள். சென்னையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போராடியவர்கள் அவர்கள்தான். 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் திட்டம் செல்லும் என்றன. சட்டப்படி சரி. என் கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை.

மிலிட்டரி பென்ஷன் என்றால் எங்கள் ஊரில் என்ன என்பது டெல்லியில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தப் பூமியில் ஆற்றுப் பாசனம் கிடையாது. பாலாற்றில் தண்ணீர் பார்த்ததைக் கதைபோலச் சொல்கிறோம். ஏரி நிரம்பினால் நவரை நெல், இல்லாவிட்டால் போர்வெல் தண்ணீரில் கொஞ்சம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மல்லாட்டை நன்றாக விளைந்த வருஷம் விலை இருக்காது, விலை இருக்கிற வருஷம் காயே இருக்காது. இந்த விளையாட்டில் எங்கள் வீடு நிலத்தை விற்காமல் தப்பித்ததற்கு ஒரே காரணம் அப்பாவின் பென்ஷன். மழை பொய்த்தாலும் பொய்க்காத ஒரு போகம் அது. எங்கள் போர்வெல் அப்பா ரிட்டயர்டு ஆனபோது வந்த பணத்தில் போட்டது. அக்காவின் நர்சிங் படிப்பும் அதில்தான். தெருவில் இருக்கிற ஒவ்வொரு பட்டாளத்து வீட்டிலும் இதே கணக்குதான் இருக்கும்.

ஆக, பென்ஷனை எடுத்தால் ராணுவச் செலவில் ஒரு வரி குறைகிறது என்று அங்கே நினைக்கிறார்கள். இங்கே விவசாயமே ஆட்டம் காண்கிறது. 21, 22 வயதில் 11 லட்சத்தோடு திரும்புகிற பையன் என்ன செய்வான்? துணை ராணுவத்தில் இடஒதுக்கீடு என்கிறார்கள், நல்லது. எல்லோருக்கும் இடம் கிடைக்குமா? 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணிக்கு நாலு வருஷம் முடிவது 2026 கடைசியும் 2027 தொடக்கமும். எந்தக் கட்சிக்காரர் கூட்டத்தில் என்ன பேசினாலும் பேசட்டும், எனக்கு நாட்டுப் பாதுகாப்பு என்றால் முதலில் அந்தப் பையன்கள்தான்.

ஆனால் பேச்சு அந்தப் பக்கமே போகாது. தேர்தல் மேடையில் நாட்டுப் பாதுகாப்பு என்ற சொல் வருகிற தோரணை வேறு. 2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீர் புல்வாமாவில் நடந்த குண்டுவெடிப்பில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பேர் நம் தமிழ்நாடு. அவ்வளவு வெடிமருந்து அந்தச் சாலைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி சூடு ஆறுவதற்குள் பாகிஸ்தானின் பாலாகோட்டில் நம் விமானத் தாக்குதல் வந்தது. ராணுவத்தினர் படத்தைப் பிரச்சாரத்தில் போடாதீர்கள் என்று மார்ச்சில் தேர்தல் ஆணையம் சொன்னது. ஏப்ரலில் லாத்தூரில் பேசிய பிரதமர், முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்கள் தங்கள் ஓட்டைப் பாலாகோட் தாக்குதல் நடத்திய வீரர்களுக்கும் புல்வாமா தியாகிகளுக்கும் அர்ப்பணிக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் வேலூர் தொகுதிக்கு அந்தக் கவலையே இல்லை. கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு, தேர்தலையே ரத்து செய்துவிட்டார்கள்! கடைசியில் 2019 ஆகஸ்ட் 5 அன்று நாங்கள் ஓட்டுச்சாவடி வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, மாநிலங்களவையில் அமித் ஷா காஷ்மீருக்குச் சிறப்பு அந்தஸ்து தந்த 370-ஐ எடுப்பதாக அறிவித்துக்கொண்டிருந்தார். மை வைத்த விரலோடு வெளியே வந்தால் எல்லோர் போனிலும் காஷ்மீர். பையன் ஸ்ரீநகரில் இருந்த ஒரு வீட்டில் அன்றைக்குச் சமைக்கவில்லை. அங்கே போன் எடுக்கவில்லை, நெட் இல்லை. அவர்களிடம் போய் அந்த முடிவு சரியா தப்பா என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அது இல்லை.

அப்புறம் 2025 சித்திரை. எங்கள் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டிருந்தது. வடாற்காட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மத்தவர்களுக்காக: மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியத் தெருக்கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். லீவு எடுத்து வருகிற பட்டாளத்துப் பையன்கள் பெரும்பாலும் இதை ஒட்டித்தான் வருவார்கள். ஏப்ரல் 22-ல் காஷ்மீர் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். மே 7-ல் பாகிஸ்தான் பக்கம் இருந்த பயங்கரவாதிகளின் முகாம்களை அடித்த ஆபரேஷன் சிந்தூர். லீவில் வந்தவர்களுக்குத் திரும்பக் கூப்பிட்டு போன் வந்தது. எதிர்வீட்டுப் பையன், காப்புக் கட்டிய கையோடு காட்பாடியில் ரயிலேறினான். காப்பை அவிழ்க்கக் கூடாதே என்று அவன் அம்மா பூசாரியிடம் போய்க் கேட்டு, தேங்காய் உடைத்து, அதற்கு ஒரு வழி செய்துவிட்டு வந்தார்.

மே 8 ராத்திரி கூத்து நடக்கிறது. கர்ணன் வேஷக்காரர் கிரீடம் குலுங்க அடவு போட்டுக்கொண்டிருக்கிறார். முன்வரிசையில் பாதிப் பேர் குனிந்து போனைப் பார்க்கிறார்கள். கராச்சி துறைமுகம் காலி, அந்த ஊர் பிடிபட்டது, இந்த ஊர் விழுந்தது என்று சேனல்களில் சைரன் சத்தத்தோடு ஓடுகிறது. ஒரு பையன் "கராச்சி முடிஞ்சது" என்று கத்த, நாலு பேர் கை தட்டினார்கள். அத்தனையும் பொய் என்பது மறுநாள் தெரிந்தது. கராச்சி துறைமுகம் அப்படியேதான் இருந்தது. அந்தப் பொய்யை வாசித்த ஸ்டூடியோக்காரர்கள் மேல் யாரும் தேசத்துரோக வழக்குப் போடவில்லை. பையனை அனுப்பிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு அந்த ஒரு ராத்திரியில் எத்தனை தடவை நெஞ்சு நின்றது என்பதற்கும் கணக்கில்லை. பயங்கரவாதிகளை அடித்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அடிக்க வேண்டியதை அடித்தார்கள். 10-ம் தேதி நிறுத்தியதையும் நான் வரவேற்றேன். "ஏன் நிறுத்தினீர்கள்" என்று ஏசி அறையில் இருந்து கத்தியவர்கள் வீட்டில் யாருக்கும் ரயில் டிக்கெட் போடவில்லை.

அதற்கு அடுத்த சில நாளில் படுகளம். மைதானத்தில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்திருந்தார்கள், தெரு நீளத்துக்கு. பீமன் வேஷக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, கடைசியில் தொடையில் அடித்தார். பாஞ்சாலி கூந்தலை முடிந்தாள். ஜெயித்தது நம் பக்கம். ஆனால் அங்கே உட்கார்ந்திருந்த பெண்கள் துரியோதனனுக்கு ஒப்பாரி வைத்தார்கள். வருஷா வருஷம் வைப்பதுதான். செத்தது எதிராளி, கெட்டவன், அத்தனை அநியாயத்துக்கும் காரணம் என்று பல நாள் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் அவர்கள். எனக்குத் தெரிந்து எந்தக் காலத்திலும், எந்த ஆளும் அவர்களைப் பார்த்து "நீ கௌரவர் கட்சியா" என்று கேட்டதில்லை. டிவியில் இதே அழுகையை யாராவது அழுதிருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு விசாரணை நடந்திருக்கும்.

அங்கேதான் என் கோபம். பாதுகாப்பு என்ற சொல்லை முன்னால் வைத்துவிட்டால் பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இதில் பா.ஜ.க.வை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. பயங்கரவாதத் தடுப்புக்கு என்று இருக்கிற ஊபா சட்டத்தில் ஜாமீனைக் குதிரைக்கொம்பாக்கிய திருத்தம் 2008-ல் காங்கிரஸ் ஆட்சியில் வந்தது. அந்தச் சட்டத்தில்தான் திருச்சி விரகாலூரில் பிறந்து, பழங்குடிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியை 83 வயதில் பிடித்தார்கள். பார்கின்சன் நோயில் கை நடுங்கி, தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை கேட்டார் அந்த மனுஷன். ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலையில் செத்துப் போனார். பக்கத்து மாவட்டத்துக்கு வாருங்கள். கள்ளச்சாராயக்காரர்களுக்கும் ரவுடிகளுக்கும் என்று 1982-ல் கொண்டுவந்த குண்டர் சட்டத்தை, 2023 நவம்பரில் செய்யாறு மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மாட்டோம் என்ற விவசாயிகள் ஏழு பேர் மேல் தி.மு.க. அரசு போட்டது. சத்தம் கிளம்பியதும் ஆறு பேர் மேல் போட்டதை விலக்கிக்கொண்டார்கள். மல்லாட்டை பிடுங்குகிறவன் எப்போது குண்டன் ஆனான்?

இந்தக் கோபத்தை எழுதினால் அப்பா என்ன சொல்வார் என்று சிலருக்குத் தோன்றலாம். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அக்னிபத் பகுதியில் மட்டும் நிறுத்தச் சொன்னார். "பென்ஷனை மட்டும் எழுதாதடா. ஒருத்தனுக்குப் பக்கத்துல இருக்கிறவனை நம்பவே நாலு வருஷம் ஆகும். அதுக்குள்ள யாரை வெச்சுக்குவாங்க, யாரை அனுப்புவாங்கன்னு ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருந்தா செக்‌ஷன் என்ன ஆகும்? அதை எழுது" என்றார். எழுதிவிட்டேன். ஸ்டேன் சுவாமி பற்றி அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அது எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிற சண்டை.

உங்கள் ஊரில் முதல் அணியில் போன அக்னிவீர் யாராவது இருந்தால், அவர் வீட்டில் அடுத்து என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர் வேண்டாம், யூனிட் வேண்டாம், எந்த இடம் என்றும் வேண்டாம். நிலம் எத்தனை ஏக்கர், தண்ணீர் உண்டா, அந்த 11 லட்சத்தில் என்ன செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் போதும். "எல்லைக்குப் போய்ப் பார்" கோஷ்டி வந்தால் நான் பதில் சொல்ல மாட்டேன், மல்லாட்டை பிடுங்க ஆள் கிடைக்காமல் நானே கொல்லைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.