கேக்கின் விலையைக் குறைத்தால் குறைவது லெக்சர் வரவு

கம்பஸ் பிள்ளைகள் படித்துக்கொண்டே தொழில் செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்றுதான் சொல்லுவேன். அரசாங்கம் கம்பஸ் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மகாபொல உதவித்தொகை 2025 இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியது நல்ல விசயம். ஆனால் யாழ்ப்பாணக் கம்பஸ் இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் அறை வாடகையும் மூன்று நேரச் சாப்பாடும் அதற்குள் அடங்காது. வீட்டில் கேட்கக் கூச்சப்படுகிற பிள்ளைகள் தாங்களே உழைக்க வெளிக்கிடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எனக்குக் கவலை வேறு. "நேரத்தை ஒழுங்காகப் பாவி, எல்லாம் சரிவரும்" என்று இவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நேரசூசி போடத் தெரியாமல் கெட்ட பிள்ளையைவிட, விலை போடத் தெரியாமல் கெட்ட பிள்ளைதான் அதிகம் என்பது என் கருத்து. விலையைக் குறைத்தவர் இரண்டு மடங்கு ஓடருக்கு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் காலை 8 மணி லெக்சர் போகிறது.

முதலில் படிப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று பாருங்கள். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் 1,500 மணித்தியாலம், செமஸ்டருக்கு 750. விரிவுரை 15 கிழமை, ஸ்டடி லீவ், சோதனை எல்லாம் சேர்த்து 19 கிழமை என்று வைத்தாலும் கிழமைக்கு 40 மணித்தியாலம் படிப்புக்கே வேண்டும். ஒரு கிழமையில் இருப்பது 168. படிப்புக்கு அந்த 40, நித்திரைக்கு 49, சாப்பாடு, குளிப்பு, போக்குவரத்துக்கு 28 கழித்தால் மிஞ்சுவது 51. கோயில், வீட்டு அலுவல், உடுப்புத் தோய்ப்பு, குப்பி (பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு), காய்ச்சல், நண்பர்கள் எல்லாம் இந்த 51 க்குள்தான். தொழிலுக்கு 15 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறவர் நித்திரையில் கடன் வாங்குகிறார்.

லெக்சர் வரவுக் கணக்கு இன்னும் இறுக்கம். 80 வீதம் வேண்டும் என்றால், கிழமைக்கு இரண்டு லெக்சர் உள்ள பாடத்தில் 30 க்கு 6 விடலாம். கிழமைக்கு ஒரு தடவை வருகிற பிரக்டிக்கலில் 15 க்கு 3 தான். காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்கும் அந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும். அதை ஓடருக்குச் செலவழித்துவிட்டு, பதின்மூன்றாம் கிழமை டெங்குவோடு படுத்தால் மெடிக்கல் கொண்டு அலைவதுதான் மிச்சம்.

இனி விலைக்கு வருவோம். ஒரு கிலோ அளவான பட்டர் கேக்குக்கு பட்டர் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை 5. ஐசிங்குக்கு இன்னும் 250 பட்டரும் 500 கிராம் ஐசிங் சீனியும். சாமான் 2,600, பெட்டியும் போர்டும் 300, காஸ் அல்லது கரண்ட் 200, பெற்றோல் 150 என்று உதாரணத்துக்கு வையுங்கள். மொத்தம் 3,250. பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் 4,000 க்குக் கொடுக்கிறார் என்று நீங்கள் 3,800 போடுகிறீர்கள். கையில் நிற்பது 550.

அந்த 550 க்கு எத்தனை மணித்தியாலம்? கடைக்குப் போய்வர முக்கால் மணி. அடித்து, வேகவைத்து, தட்டு முட்டுக் கழுவ ஒன்றரை. ஐசிங்குக்கு ஒன்றேமுக்கால். பெயர் சரியா, நிறம் சரியா என்று வட்ஸ்அப்பில் கதைப்பதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒன்று. ஐந்து மணித்தியாலம் போய்விட்டது. மணித்தியாலத்துக்கு 110 ரூபா. மாதம் 11,000 தேவைப்பட்டால் 20 கேக், 100 மணித்தியாலம். இதே கேக்கை 4,800 க்கு விற்றால் கையில் 1,550 நிற்கும். 7 கேக்கில் கிட்டத்தட்ட அதே காசு வரும், 35 மணித்தியாலத்தில். மிச்சம் 65 மணித்தியாலம் உங்கள் கொப்பிக்கு.

"4,800 க்கு ஆர் வாங்குவினம்?" என்று கேட்பீர்கள். 20 பேர் வாங்கமாட்டார்கள்தான். உங்களுக்கு வேண்டியது 7 பேர். அந்த 7 பேருக்கும் நேரம் தவறாமல், ஐசிங் வழியாமல் கொடுங்கள். சித்திரை வெயிலில் பட்டர் ஐசிங் போட்ட கேக்கை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் கோண்டாவில் தாண்டுவதற்குள் பூ சரிந்துவிடும். விடிய ஏழு மணிக்குள் அல்லது பின்னேரம் ஆறுக்குப் பிறகு மட்டும் டிலிவரி என்று முன்னமே எழுதிப் போடுங்கள். லெக்சர் நேரமும் அதோடு தப்பும்.

தொழில்களை நான் இரண்டாகப் பிரித்துத்தான் பார்ப்பேன். திகதிக்கு ஓடுகிற தொழில் ஒன்று, தட்டில் வைத்து விற்கிற தொழில் மற்றது. கேக், மருதாணி, கலியாண வீட்டுப் படப்பிடிப்பு, மணப்பெண் அலங்காரம் எல்லாம் முதல் வகை. மற்றவருடைய முகூர்த்தம் செமஸ்டருக்கு இடையில் வருகிற உங்களுடைய இன்கோர்ஸ் சோதனையைப் பார்த்து வராது. ஆவணியிலும் தையிலும் கலியாணம் குவியும்போது உங்களுக்கு அசைன்மென்ட்டும் குவிந்து நிற்கலாம். கறித்தூள், பனங்கிழங்கில் செய்கிற புழுக்கொடியல், ஒடியல்மா, சவர்க்காரம், கைவினைப் பொருட்கள் இரண்டாம் வகை. ஓய்வான கிழமையில் செய்து வைத்து, நெருக்கடியான கிழமையில் எடுத்துக் கொடுக்கலாம். முதலாம் வருடத்தில் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாம் வகையைத்தான் சொல்லுவேன். வீட்டிலிருந்து வந்துபோகிற பிள்ளைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

யாழ்ப்பாணத்துத் தூளையே எடுங்கள். வீட்டுக்கு வீடு அளவு மாறும். செத்தல் மிளகாய் ஒரு கிலோ, மல்லி ஒரு கிலோ, பெருஞ்சீரகம் 150 கிராம், நற்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் 50, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி என்று தொடங்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் கொட்டினால் மல்லி வறுபட முன் வெந்தயம் கருகிவிடும். 50 கிராம் வெந்தயம் கருகினால் இரண்டரைக் கிலோவும் கைக்கும். மிளகாய் காம்பு முறிக்கிற வேலைதான் நேரத்தைத் தின்னும். அதைப் பின்னேரம் வீட்டாரோடு கதைத்துக்கொண்டு செய்யலாம், குப்பி கேட்டுக்கொண்டும் செய்யலாம். மில்லில் உங்களுக்கு முன் ஆர் என்ன அரைத்தார் என்று பாருங்கள். அரிசிமா அரைத்த கையோடு உங்கள் தூளைப் போட்டால் மா கலக்கும். மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நில்லுங்கள், முதல் விழுகிற பிடியை வீட்டுப் பாவனைக்கு எடுத்து வையுங்கள்.

பலர் பிழை விடுகிற இடம் அதற்குப் பிறகுதான். மில்லிலிருந்து வருகிற தூள் கை சுடும். அந்தச் சூட்டோடு பையில் போட்டு ஒட்டினால் உள்ளே வேர்த்து, கட்டிபட்டு, கொஞ்ச நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி முழுதாக ஆறவிட வேண்டும். பேப்பரில் பரப்பினால் மை ஒட்டும். ஆறிய தூளை நிறுத்து அதன்மேல்தான் விலை போட வேண்டும். காம்பு, ஈரம், வறுவல், மில்லில் ஒட்டியது எல்லாம் கழிந்து நிறை குறைந்திருக்கும். வாங்கின சாமானின் நிறையில் கணக்குப் போட்டவருக்கு ஒவ்வொரு கிலோவிலும் நட்டம், அவருக்கு அது தெரியவும் வராது.

காலமும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மிளகாய் காயாது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அதற்கு முன்னும் பின்னும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தூளும் ஒடியல்மாவும் கிலோக் கணக்கில் கட்டிக்கொண்டு போவார்கள். ஆனியில் செய்து வைத்தவர் அந்த நேரத்தில் படிப்பையும் பார்த்து வியாபாரத்தையும் பார்க்கலாம். திருவிழா தொடங்கின பிறகு வறுக்கத் தொடங்குகிறவருக்கு இரண்டும் போகும்.

ரீசேட் அடிக்கிற பெடியளுக்கு ஒரு சொல். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன். நான்கு நிறத்தில் 12 ரீசேட் எடுத்தால் ஸ்கிரீன் செலவிலேயே இலாபம் போய்விடும். ஒரு பட்ச் பிள்ளைகள் சேர்ந்து தருகிற ஓடரில் சைஸ் விபரத்தை வட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள். 60 பேர் பதில் போட, அதில் பத்துப் பேர் பிறகு மாற்றுவார்கள். ஒரு தாளில் பெயர், சைஸ், கையொப்பம், பாதிக் காசு. பாதிக் காசு தராதவருடைய பெயர் தாளில் ஏறக்கூடாது. நண்பன் என்றாலும்தான்.

இணையத்தில் விற்கிறவர்கள் கூரியரில் "பொருள் வந்ததும் காசு" முறையை யோசித்துப் பாவியுங்கள். ஒரு பார்சலில் 300 ரூபா இலாபம், திரும்பி வந்தால் 500 நட்டம் என்று வைத்தால், பத்தில் இரண்டு திரும்பும்போது 2,400 இல் 1,000 போய்விடும். கூரியர்ச் செலவை மட்டுமாவது முன்பணமாகக் கேளுங்கள். வாங்க நினைத்தவர் அதைத் தருவார். காசு வந்து சேரத் தனிக் கணக்கு ஒன்று வையுங்கள், சாப்பாட்டுக் காசு அதற்குள் கலக்க வேண்டாம்.

பதிவு விசயத்தில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. சொந்தப் பெயரல்லாத ஒரு பெயரில் தொழில் நடத்தினால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. அடையாள அட்டைப் பிரதி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், இடம் உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரின் சம்மதம் கொண்டு போங்கள். போடிங்கில் இருக்கிறவர்கள் இந்தச் சம்மதத்தில்தான் மாட்டுப்படுவார்கள், வீட்டு முகவரியில் பதிவது சுகம். சாப்பாட்டுச் சாமான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து இடத்தைப் பார்ப்பார். லேபலில் சேர்மானம், தேறிய நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், விலை, முகவரி இருக்க வேண்டும். தொகுதி இலக்கத்தைச் சும்மா என்று நினைக்காதீர்கள். ஒருவர் தூள் கைக்கிறது என்று சொன்னால் எந்த நாள் அரைத்தது, வேறு ஆருக்குப் போனது என்று அதை வைத்துத்தான் பிடிக்கலாம். 18 வயது கடந்தவர்களுக்கு வரி இலக்கமும் வேண்டும். 2025 ஏப்ரல் முதல் வருடம் 18 இலட்சம் வரை தனிநபர் வருமான வரி விலக்கு இருப்பதால், இலக்கம் எடுத்ததும் வரி கட்ட வேண்டி வரும் என்று ஒளிக்கத் தேவையில்லை.

கூட்டாளி சேர்ப்பதென்றால் ஒரே பட்ச், ஒரே பாடத்தில் சேர்க்காதீர்கள். இருவருக்கும் ஒரே நாளில் சோதனை வந்தால் கடையைப் பார்க்க ஆளில்லை. முகாமைத்துவ பீடத்தில் ஒருவர், கலைப் பீடத்தில் ஒருவர் என்றால் ஒருவர் படிக்க மற்றவர் பார்க்கலாம். இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதை முதல் ஓடருக்கு முன்னமே ஒரு தாளில் எழுதுங்கள்.

சோதனைக்கு முன் கடையை மூடுகிற முறையும் இருக்கிறது. ஸ்டடி லீவ் தொடங்க இரண்டு கிழமை இருக்கும்போது புது ஓடர் எடுப்பதை நிறுத்தி, கையில் உள்ளதைக் கொடுத்து முடியுங்கள். சோதனை தவறிப் பிறகு திரும்ப எழுதினால் பல பீடங்களில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சீ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள். ஒரு கேக் ஓடருக்காக ஏ எடுக்கக்கூடிய பாடத்தை விடுவது மிகப் பெரிய விலை. உங்கள் பேஸ்புக் பக்கத்தில் மேலே நிற்கும்படி இப்படிப் போடுங்கள்: "சோதனை காரணமாக இம்மாதம் 10 ஆம் திகதியுடன் ஓடர் நிறுத்தப்படுகிறது. அடுத்த மாதம் 8 ஆம் திகதி தொடக்கம் மீண்டும் எடுப்போம். முற்பதிவுக்குப் பெயரும் தேவையும் அனுப்பி வையுங்கள், 8 ஆம் திகதி நாங்களே அழைப்போம்." வட்ஸ்அப் பிஸ்னஸில் இதையே தானாகப் போகும் பதிலாகவும் வைத்துவிடுங்கள். திறக்கிற திகதியைக் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் "எப்ப திறப்பீங்கள் தங்கச்சி?" என்று வந்துகொண்டே இருக்கும், பதில் எழுதுவதிலேயே ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம் போகும்.