சூப்பர் கம்ப்யூட்டர் இணைப்பும் உங்கள் போனும்: உண்மை விளக்கம்

"இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா சூப்பர் கம்ப்யூட்டர்கள் இன்றிரவு ஒன்றாக இணைகின்றன, 12 மணிக்கு மேல் டேட்டாவை அணைக்காவிட்டால் உங்கள் போனும் அதில் சேர்ந்து படங்களும் வங்கி விவரமும் போய்விடும்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பங்காளி குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

இணைப்பு இருப்பது உண்மை, ஆனால் புதிதல்ல. ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தின் தரவைப் பல நாட்டுக் கணினி மையங்கள் பல ஆண்டுகளாகப் பகிர்ந்து அலசுகின்றன; மும்பையிலும் கொல்கத்தாவிலும் மையங்கள் உண்டு. இந்திய ஆய்வு நிறுவனங்களை இணைப்பது தேசிய அறிவு வலையமைப்பு. உங்கள் சிம் கார்டு அதில் வராது.

எல்லாம் ஒரே கணினியாகிவிடுவதும் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 8,000 கிலோமீட்டர் போய்வர குறைந்தது 80 மில்லிநொடி. ஒரு சூப்பர் கம்ப்யூட்டருக்குள்ளோ ஓரிரு மைக்ரோநொடிதான் (ஒரு மில்லிநொடியில் ஆயிரம் மைக்ரோநொடி). அதனால் ஒரே கணக்கைப் பல நாட்டுக் கணினிகளுக்கு இடையே பொதுவாகப் பிரிப்பதில்லை; கோப்பை அனுப்பி, அங்கே வரிசையில் போட்டு, விடையை வாங்குவார்கள். நொடிக்கு 10 ஜிகாபிட் தடத்தில் 1 டெராபைட் போக ஏறத்தாழ 13 நிமிடம். வழியில் கொஞ்சம் பாக்கெட் (தரவின் சிறு துண்டு) தொலைந்தாலே வேகம் படுத்துவிடும். கோப்பை ஒரே நேரத்தில் பல ஓடைகளாகப் பிரித்து அனுப்புவது அதனால்தான்.

தன்னார்வமாக நம் கணினியை ஆய்வுக் கணக்குகளுக்குத் தரும் 'பாயிங்க்' போன்ற மென்பொருள் உண்டு. நீங்களே நிறுவினால்தான் ஓடும்.

சந்தேகமா? போன் அமைப்புகளில் 'டேட்டா பயன்பாடு' பாருங்கள், எந்தச் செயலி எவ்வளவு டேட்டா பயன்படுத்தியது என்று தெரியும். அரசு பற்றிய செய்தியென்றால் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பக்கத்தில் கேட்கலாம். அனுப்பிய அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மேற்கொண்டு பகிர வேண்டாம்.