சோலார் கரண்ட் விலை அதிகம் என்பது பழைய கணக்கு

"யூனிட் 7 ரூபாய் கொடுத்து சோலார் மின்சாரம் வாங்குகிறார்கள், நிலக்கரியில் பாதி விலைக்குக் கிடைக்கும், அதனால்தான் பில் ஏறுகிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்த 7 ரூபாய் பொய்யில்லை. 2015-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் திட்டத்துக்குப் போட்ட ஒப்பந்தம் அது, 7 ரூபாய் 1 காசு. ஆனால் அதை இன்றைய விலை என்று சொல்வது தவறு.

சோலார் திட்டங்களுக்கான ஏலத்தில் யூனிட் விலை 2017 மே மாதம் ராஜஸ்தான் பத்லாவில் 2 ரூபாய் 44 காசு, 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு வரை இறங்கியது. அப்புறம் விலை கொஞ்சம் ஏறியது உண்மைதான், 7 ரூபாய் பக்கம் திரும்பவே இல்லை. நிலக்கரி அப்படியல்ல: ஒடிசா தால்ச்சரில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் எண்ணூர் என்று வந்து சேர்வதற்குள் ஒவ்வொரு கட்டத்திலும் செலவு கூடுகிறது, எரித்து முடித்தால் மறுபடி வாங்க வேண்டும். வெயிலுக்கு அந்தச் செலவு கிடையாது.

சரி, சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லார் வீட்டிலும் லைட்டும் ஃபேனும் ஓடும்போது சோலார் கைகொடுக்காதே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. அதற்கு பேட்டரி வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். அதைப் பேசுவோம், பத்து வருடத்துக்கு முந்தைய விலையைக் காட்டி யாரையும் பயமுறுத்த வேண்டாம்.