தாத்தாவின் துப்பாக்கிக்குப் பதில் இன்னொரு துப்பாக்கி கிடையாது

"அதே மாதிரி இன்னொன்று தந்துவிடுகிறோம் சார், இதைவிடப் புதுசு." கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் இதைச் சொன்னபோது, வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த காலித் துப்பாக்கி உறையை மடித்துக் கையில் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். அந்த வரி இன்னும் எனக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். தாத்தா இறந்த பிறகு, அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியை முறைப்படி லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி வியாபாரியிடம் ஒப்படைத்தோம். லைசென்ஸ் அப்பா பெயருக்கு வரும் வரை அதை வீட்டில் வைத்திருக்க எங்களுக்கு உரிமை இல்லை, சட்டப்படி நடப்போம் என்றுதான் கொடுத்தோம். ஏழு மாதம் கழித்து உத்தரவு கையில் வந்ததும் எடுக்கப் போனால், துப்பாக்கி இல்லை. விற்றுவிட்டார்கள். ஒப்படைப்பில் வந்தவையும் விற்பனைக்கு வந்தவையும் பக்கத்துப் பக்கத்து அடுக்கில் இருந்திருக்கின்றன, சரக்கு எண்ணிக்கை எடுத்தபோது எங்களுடையதில் கட்டியிருந்த அட்டை அறுந்து விழுந்திருக்கிறது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதை விற்பனை அடுக்கில் வைத்து ரிஜிஸ்டரிலும் ஏற்றிவிட்டார். திருட்டு இல்லை, ஏமாற்று இல்லை, கவனக்குறைவு. அதை நான் நம்புகிறேன்.

தவறு யாருக்கும் நடக்கும். எனக்குத் தாங்காதது அதற்கு அடுத்து நடந்தவை. முதல் பத்து நாள் அவர்கள் பேசியதெல்லாம் பணம், மாற்றுத் துப்பாக்கி, தள்ளுபடி. வாங்கினவருக்கு ஒரு போன் போட்டு "ஐயா, இது தவறாக விற்கப்பட்டது, தயவுசெய்து எதுவும் செய்யாமல் அப்படியே வைத்திருங்கள்" என்று சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. கேட்டால், வாங்கினவர் விவரம் ரகசியம் என்றார்கள். சரி, ரகசியமாகவே இருக்கட்டும், அவர் பெயரும் முகவரியும் எங்களுக்கு எதற்கு? நீங்கள் கூப்பிடுங்கள் என்றுதானே கேட்டோம்! தவறாக விற்றவர் முதல் நாளே செய்யவேண்டியது அந்த ஒரு போன்தான் என்பது என் உறுதியான கருத்து. இழப்பீட்டுப் பேச்சு அதற்கு அப்புறம், அதுவும் பொருள் திரும்பக் கிடைக்கவே வழியில்லை என்று தெரிந்த பிறகு.

எங்கள் பக்கமும் ஓட்டை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்படைத்தபோது வாங்கிய ரசீதில் "12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி - 1" என்று மட்டும்தான் இருந்தது. 12 போர் என்பது குழலின் அளவு. அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதனால் வந்த பெயர், விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். இந்த வகைத் துப்பாக்கிகளில் மிகப் பரவலான அளவு இதுதான். ஆக, அந்த ரசீதை வைத்துக்கொண்டு எந்தத் துப்பாக்கியையும் "இதுதான் உங்களுடையது" என்று நீட்டலாம்.

தாத்தாவின் பழைய லைசென்சில் வரிசை எண் இருந்ததால் பிழைத்தோம். அதிலும் ஒரு சிக்கல். எண்ணை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியாகத்தான் போடுகிறார்கள், ஒரே எண் இரண்டு கம்பெனித் துப்பாக்கியில் இருக்கலாம். அமெரிக்காவில் எண் கட்டாயம் என்று 1968-இல் சட்டம் வருவதற்கு முன்பு செய்யப்பட்ட மலிவான வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் எண்ணே இருக்காது. அதனால் எண்ணோடு தயாரிப்பாளர் பெயர், குழலின் நீளம், குழலின் பின்முனையில் அடிப்பக்கத் தட்டையான இடத்தில் குத்தியிருக்கும் சோதனை முத்திரை (குழல் வெடியைத் தாங்கும் என்று சுட்டுப் பார்த்து இடும் அடையாளம்) எல்லாம் சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். லண்டன், பர்மிங்காம் சோதனை நிலையங்களின் முத்திரைகள் பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் இருக்கும். பர்மிங்காம் நிலையம் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, லண்டனில் துப்பாக்கி செய்பவர்களின் சங்கம் 1637-இலேயே சாசனம் பெற்றது. குழலைக் கழற்றிப் பார்த்தால்தான் அந்த முத்திரைகள் கண்ணில் படும், அதனால் பலர் பார்ப்பதே இல்லை. நாங்களும் பார்க்கவில்லை.

அவர்கள் ரிஜிஸ்டரிலோ தயாரிப்பாளர் பெயரை மாற்றி எழுதியிருந்தார்கள். "எண் ஒத்துப்போகிறது, பெயர் ஒத்துப்போகவில்லையே" என்று இழுத்தார்கள். அப்போது கைகொடுத்தது அத்தை எப்போதோ எடுத்த ஒரு புகைப்படம். தாத்தா இடதுகைக்காரர். வலதுகைக்காரர் சுட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையின், அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியின், இடப்பக்கத்தில் பதியும், அந்த இடத்தில்தான் மெருகு தேயும். தாத்தாவின் துப்பாக்கியில் வலப்பக்கம் தேய்ந்திருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் போய், மரம் எண்ணெய் குடித்துக் கறுத்து வழவழவென்று இருக்கும். சின்ன வயதில் அதில் கன்னத்தை வைத்துப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு, தோட்டா இல்லை என்று அவரே இரண்டு முறை திறந்து காட்டிய பிறகு. புகைப்படத்தில் அந்தத் தேய்மானம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் வியாபாரி வாதாடுவதை நிறுத்திவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த நாட்களில் நிறையப் படித்தேன். தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது பல நாட்டுச் சட்டங்களில் உள்ள பழைய அடிப்படை. இந்தியாவின் 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்திலும், இங்கிலாந்தின் 1979-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் விதிவிலக்கு உண்டு, அது வியாபாரியைச் சுற்றித்தான் வருகிறது. இங்கிலாந்தில் "விற்றுக்கொடு" என்று வியாபாரியிடம் கொடுத்த பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினவருக்கு உரிமை கிடைத்துவிடலாம், பழுது பார்க்கவோ பத்திரமாக வைக்கவோ கொடுத்திருந்தால் உரிமை சொந்தக்காரரிடமே நிற்கும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களின் வணிகச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. அந்த வகைப் பொருளை விற்கும் வியாபாரியிடம் எதற்காக ஒப்படைத்திருந்தாலும் சரி, வழக்கமான விற்பனையில் விவரம் தெரியாமல் வாங்கினவருக்கு அது சொந்தமாகிவிடும், நமக்கு மிஞ்சுவது வியாபாரி மேல் வழக்கு. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்பி ஒப்படைப்பதே நமக்கு எதிராகத் திரும்பும் இடங்கள் இருக்கின்றன! எந்த நாட்டில் இருந்தாலும், கொடுக்கும் முன் ரசீதில் "பாதுகாப்புக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வாங்குங்கள். எல்லா இடத்திலும் அது உரிமையைக் காப்பாற்றாது, ஆனாலும் எதற்காகக் கொடுத்தோம் என்பதற்குச் சாட்சி அதுதான்.

ஆறுதலாக ஒன்றும் கிடைத்தது. 1684-இல் இங்கிலாந்தில் பியூசி என்ற குடும்பத்தின் பரம்பரை மாட்டுக் கொம்பு பற்றி ஒரு வழக்கு. பழங்கால இங்கிலாந்தை ஆண்ட கனூட் அரசர் நிலத்தோடு சேர்த்து அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது என்று சொல்லப்பட்ட கொம்பு. பணம் கொடுத்தால் போதும் என்று நீதிமன்றம் விடவில்லை, அந்தப் பொருளையே திருப்பிக் கொடுக்க வழி செய்தது. இந்தியாவின் 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்திலும் (Specific Relief Act), பணம் ஈடாகாத பொருளை அப்படியே மீட்டுத்தரக் கேட்க இடம் இருக்கிறது. ஆக, "அதே மாதிரி வேறொன்று" என்பதை மறுப்பது உணர்ச்சிவசப்பட்ட பிடிவாதம் அல்ல. முந்நூறு வருடங்களுக்கு மேலாக நீதிமன்றங்களே ஏற்றுக்கொண்ட நியாயம் அது.

போலீசுக்கும் எழுத்தில் தெரிவித்தோம். அங்கே ஒரு விஷயத்தில் அப்பா உறுதியாக இருந்தார். "திருடு போனது" என்று எழுதக்கூடாது, "தவறுதலாக விற்கப்பட்டது" என்றே எழுத வேண்டும் என்றார். திருட்டுப் பொருள் என்று பதிவானால், ஒன்றும் அறியாமல் வாங்கினவர் வீட்டுக் கதவை நாளைக்கு யாராவது தட்டுவார்கள். கோபத்தில் நான் முதலில் எழுதிவைத்திருந்த மனுவை அவர் கிழித்துப் போட்டுவிட்டு, தன் கையால் வேறு எழுதினார்.

கடைசியில் வியாபாரி போன் போட்டார். வாங்கினவர் விஷயத்தைக் கேட்டதும் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாராம். கட்டையைத் தேய்த்துப் புதிதாகப் பாலிஷ் போட அடுத்த வாரம்தான் கொடுக்க இருந்திருக்கிறார். ஒரு வாரம் தாமதித்திருந்தால் தாத்தாவின் கன்னம் பதிந்த இடம் உப்புத்தாளில் போயிருக்கும். தாமதத்தை நான் இவ்வளவு பேசுவது இதனால்தான்.

நேராக அவர் வீட்டுக்குப் போய் வாங்கிவந்துவிடலாமா என்று தம்பி கேட்டான். கூடாது. நம் துப்பாக்கியாகவே இருந்தாலும், லைசென்ஸ் கேட்கும் நாட்டில் அது கைமாறுவது தாளில் ஏறித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நல்ல மனதோடு திருப்பித் தந்தவரும் குற்றவாளி, நாமும் குற்றவாளி. அவர் கடையில் கொண்டுவந்து கொடுத்தார், ரிஜிஸ்டரில் விற்பனையை ரத்து செய்து திரும்ப வரவு வைத்தார்கள், அவருடைய பணத்தையும் போக்குவரத்துச் செலவையும் வியாபாரி கொடுத்தார், அதன் பிறகு எங்கள் லைசென்சில் எண்ணைச் சரிபார்த்து எழுதினார்கள். அவர் பெயர் எங்களுக்கு இன்றும் தெரியாது. ஒரு கடிதம் எழுதி மூடிய உறையில் கடையில் கொடுத்துவிட்டு வந்தோம், சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எடுக்கப் போன அன்று அப்பா துப்பாக்கியை வாங்கியதும் முதலில் திறந்து இரண்டு அறையும் காலி என்று பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து பார்த்தார், தாத்தா செய்வது போலவே இரண்டு முறை. அப்புறம் கட்டையைத் திருப்பி வலப்பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினார். கவுண்டரில் இருந்தவர் ரசீது போடத் தொடங்கினார். "நம்பரை எழுதுங்கள் தம்பி" என்றார் அப்பா. அவர் எழுதி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, காலி உறையைப் பிரித்தார்.