தோல்விகளில் எழுதப்பட்ட 28 விதிகள்

அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பிரிவினர் தங்கள் முன்னோடியாகக் கொண்டாடும் 18ஆம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ராபர்ட் ரோஜர்ஸின் பெயரில் ஒரு விதிப்பட்டியல் இணையத்தில் அடிக்கடி வலம் வருகிறது. பகிரப்படும் அந்தச் சுருக்கமான, சுவையான பட்டியலை அவர் எழுதவில்லை. அது 20ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்றில் ஒரு பாத்திரம் பேசுவதிலிருந்து உருவானது. ரோஜர்ஸ் உண்மையில் எழுதியவை 1757இல், பிரிட்டிஷ் படையிலிருந்து பயிற்சிக்கு வந்த இளைஞர்களுக்காக, சற்று நீளமாகவே எழுதப்பட்ட 28 விதிகள். அவற்றை வெற்றியின் சூத்திரமாகப் படிப்பது பிழை என்பதே என் கருத்து. அவற்றில் முக்கியமான சில, அவருடைய ஆட்கள் செத்து விழுந்த இடங்களில் கற்ற பாடங்கள். அவருடைய ரேஞ்சர் படையைச் சாகசக் கதையாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதால் இது நம் கண்ணில் படுவதே இல்லை.

வட அமெரிக்காவின் காடுகளுக்காக பிரிட்டனும் பிரான்சும் மோதிய காலம் அது. இதே ஏழாண்டுப் போரில்தான் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டதும், நம் மருதநாயகம் செங்கல்பட்டுப் பக்கமிருந்து அவருடைய பின்புறத்தை ஓயாமல் தொல்லைப்படுத்தியதும் நிகழ்ந்தன. கடலுக்கு அப்பால், நியூயார்க்கின் ஜார்ஜ் ஏரிக்கும் சாம்ப்ளேன் ஏரிக்கும் இடைப்பட்ட காட்டில், சிவப்புச் சட்டைக்காரர்களான பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு நடக்கவே தெரியவில்லை. அந்தக் குறையை நிரப்பவே ரோஜர்ஸுக்கு 1756 மார்ச்சில் ரேஞ்சர்கள் என்ற காட்டுப் போர்வீரர்களின் தனிப் படைக்குழு (கம்பெனி) ஒன்று தரப்பட்டது. எல்லைப்புற விவசாயிகள், வேட்டைக்காரர்கள், ஐரிஷ் மற்றும் ஸ்காட்டியக் குடியேறிகள் ஆகியோரோடு, ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியின் மோஹிகன் பழங்குடியினரும் தங்கள் தலைவர்களின் கீழ் அணிகளாகப் போரிட்டனர். ரோஜர்ஸ் ஒன்றும் சான்றோர் இல்லை. படையில் சேருவதற்குச் சற்று முன்புதான் கள்ள நோட்டு வழக்கில் மாட்டியிருந்தார்.

1757 ஜனவரி 21ஆம் தேதியைப் பாருங்கள். 74 பேருடன் பனிக்காலணி அணிந்து பிரெஞ்சுக்காரர்களின் கரிலோன் கோட்டைக்கு அருகே சென்ற ரோஜர்ஸ், உறைந்த ஏரியில் வந்த சறுக்கு வண்டிகளை மறித்துச் சிலரைச் சிறைபிடித்தார். வேறு சில வண்டிகள் தப்பி ஓடிவிட்டன. கோட்டைக்குச் செய்தி போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். மழையில் துப்பாக்கிகள் நனைந்திருந்தன. எனவே முந்தைய இரவு மூட்டிய நெருப்புக்கே திரும்பிப்போய், துப்பாக்கிகளை உலர்த்திக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பத் தொடங்கினார்கள். ஒரு பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது, அரைவட்டமாகப் பதுங்கியிருந்த எதிரிகள் சில அடி தூரத்திலிருந்து சுட்டார்கள். நனைந்துபோனதால் எதிரிகளின் துப்பாக்கிகள் பலவும் வெடிக்கவில்லை. அப்படி இல்லாமலிருந்தால் அன்றே ரேஞ்சர்களின் கதை முடிந்திருக்கும். ரேஞ்சர் அதிகாரி ஜான் ஸ்டார்க் மேட்டில் நிலைகொண்டு காப்பாற்ற, மணிக்கட்டில் குண்டு பாய்ந்த ரோஜர்ஸும் எஞ்சியவர்களும் இருட்டியபின் தப்பினார்கள்.

அதே ஆண்டு பின்பகுதியில் எழுதப்பட்ட விதிகளில் ஒன்று, திரும்பும்போது போன வழியில் வராதே என்கிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மற்ற விதிகளும் வீர வசனங்கள் அல்ல. ஒவ்வொரு மாலையும் வருகைக் கணக்கெடுப்புக்குத் துப்பாக்கி, 60 தோட்டாக்களுக்கான மருந்தும் குண்டும், ஒரு கைக்கோடரி ஆகியவற்றோடு நிற்க வேண்டும். ஒரே குண்டு இருவரைத் துளைக்காத அளவு இடைவெளி விட்டு வரிசையாக நடக்க வேண்டும். ஆனால் சதுப்பு நிலத்தில் தடம் தெரியாமலிருக்கப் பக்கவாட்டில் பரவி நடக்க வேண்டும். சிறைபிடித்தவர்களை விசாரிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசவிடாமல் தனித்தனியே வைக்க வேண்டும். எதிரி விடியலில் தாக்குவதே வழக்கம் என்பதால், விடியுமுன் எல்லோரும் விழித்திருக்க வேண்டும். இப்படியான சலிப்பூட்டும் ஒழுங்குதான் அவர்களைப் பிழைக்க வைத்தது.

வேடிக்கை என்னவென்றால், ஒழுங்கு என்ற விஷயத்தில்தான் மேலதிகாரிகளுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. 1757 டிசம்பரில் ஹட்சன் ஆற்றின் நடுவே இருந்த தங்கள் தீவு முகாமில் இரண்டு ரேஞ்சர்கள் சாட்டையால் அடிக்கப்பட்டபோது, மற்றவர்கள் கோடரியை எடுத்து அந்தச் சாட்டையடிக் கம்பத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ரோஜர்ஸ் அப்போது நோயில் படுத்திருந்தார். செலவும் அதிகம், கட்டுப்பாடும் குறைவு என்று சலித்துக்கொண்ட தலைமை, பிரிட்டிஷ் அதிகாரி தாமஸ் கேஜின் பொறுப்பில் இலகுரகக் காலாட்படை ஒன்றை ரேஞ்சர்களுக்கு மாற்றாக உருவாக்க முனைந்தது. ஆயினும் கேஜின் ஆட்களால் ரேஞ்சர்களின் இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

1758 மார்ச் 13இல் நடந்தது இன்னும் மோசம். பெரிய படை தருவதாகச் சொல்லி, கடைசியில் ஏறத்தாழ 180 பேருடன் அனுப்பினார்கள். எதிரியின் முன்னணிக் குழுவைப் பதுங்கித் தாக்கி ஓடவிட்ட ரேஞ்சர்கள், உற்சாகத்தில் விரட்டிச்சென்று, பின்னால் வந்த முழுப்படையின் வாயில் போய் விழுந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் ஆட்களை இழந்தார்கள். ஏரிக்கரையின் செங்குத்துப் பாறையில் ரோஜர்ஸ் வழுக்கி இறங்கித் தப்பினார் என்ற கதை இந்தத் தோல்வியைத்தான் மூடி மறைக்கிறது. சுற்றுலாப் பயணிகள் இன்றும் அந்தப் பாறையை அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழே செத்தவர்களை யார் நினைக்கிறார்கள்?

எனக்கு மிகவும் உறுத்துவது 1759 அக்டோபர் 4. கனடாவின் செயின்ட் பிரான்சிஸ் என்ற, அபெனாக்கிப் பழங்குடியினரின் கிராமத்தைத் தாக்க பிரிட்டிஷ் ஜெனரல் ஆம்ஹர்ஸ்ட் ஆணையிட்டார். நியூ இங்கிலாந்துக் குடியிருப்புகளின் மீது அபெனாக்கிகள் பல தலைமுறைகளாக நடத்திய தாக்குதல்களுக்கு அது பழிவாங்கல். ஆனால் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லவோ காயப்படுத்தவோ கூடாது என்று அதே ஆணையில் எழுதப்பட்டிருந்தது. ஒளித்து வைத்த படகுகள் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கிவிட்டன என்று தெரிந்தும் ரோஜர்ஸ் திரும்பவில்லை. ஒன்பது நாட்கள், கணுக்கால் மூழ்கும் நீரில் நடந்து, இரவில் மரக்கிளைகளை வெட்டிப் பரண்போலக் கட்டி அதன்மேல் படுத்து, 142 பேர் கிராமத்தை அடைந்தார்கள். விடியலில் தாக்கி, வீடுகளைக் கொளுத்தினார்கள். விதிகள் அனைத்தும் சரியாக வேலை செய்த நாள் அதுதான்.

எதிரிகள் 200 பேர் மாண்டதாக ரோஜர்ஸ் எழுதினார். பிரெஞ்சுத் தரப்புக் கணக்கில் இறந்தவர்கள் 30 பேர். அவர்களில் 20 பேர் பெண்களும் குழந்தைகளும். முந்தைய இரவே ஒருவர் வந்து எச்சரித்ததாகவும், பலர் ஒளிந்துகொண்டதாகவும் அபெனாக்கிகளின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அந்தக் கிராமம் ஓடனாக் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. 1757 ஜனவரிச் சண்டையிலும் எதிரிகளின் இழப்பு 116 என்றவர் இதே ரோஜர்ஸ்தான். பிரெஞ்சுக் கணக்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே நான் முப்பதையே நம்புகிறேன்.

திரும்பும் வழியில் பசி அவர்களைத் தின்றது. சிறு குழுக்களாகப் பிரிந்தவர்களில் சிலர் பிணத்தையும் உண்டார்கள். உணவோடு காத்திருக்க வேண்டிய அதிகாரி, ரோஜர்ஸ் வந்து சேர்வதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அத்தனை உணவையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மூட்டிய நெருப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதன்பின் ரோஜர்ஸ் மிதவை கட்டி கனெக்டிகட் ஆற்றில் இறங்கினார். அது அருவியில் சிதைந்தபோது, மரத்தை வெட்டக் கையில் வலுவில்லாமல், அடியில் தீ மூட்டிச் சாய்த்து, வேண்டிய நீளத்துக்கு எரித்தே துண்டாக்கி, இரண்டாவது மிதவையைச் செய்தார். ஆற்றோரம் இருந்த பிரிட்டிஷ் கோட்டையை அடைந்ததும் முதல் வேலையாக மற்றவர்களுக்கு உணவு அனுப்பினார். அவரை முழுவதுமாக வெறுக்க முடியாமல் என்னைத் தடுப்பது இந்தப் பகுதிதான்.

இவை பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது, 1765இல் லண்டனில் ரோஜர்ஸ் வெளியிட்ட குறிப்பேட்டிலிருந்து. படைக்காகச் செலவழித்த பணம் திரும்பி வராமல் கடனில் மூழ்கி, அரசிடம் பதவி கேட்டு அங்கே சென்றிருந்த நேரம் அது. அதே ஆண்டு அவருக்கு வட அமெரிக்காவின் பேரேரிகள் பகுதியிலிருந்த மிச்சிலிமாக்கினாக் கோட்டையின் தளபதிப் பதவி கிடைத்தது.