ஒரு பொட்டலமும் ஏழு நாள் பேரும்

சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் மலையகத்தில் எங்கள் பக்கத்து வீதிகளில் வாகனங்களை மறித்து மோப்ப நாய்களைக் கொண்டு சோதிப்பது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். 2025 பெப்ரவரியில் அப்படியான ஒரு சோதனையில் என் பழைய மாணவன் ஒருவன் பிடிபட்டான். வயது பத்தொன்பது, கொழும்பில் புடவைக் கடையொன்றில் வேலை. காற்சட்டைப் பையில் இருந்தது பத்திரிகைத் தாளில் மடித்த ஒரு சிறு பொட்டலம், ஒரு தடவை சுருட்டிப் புகைக்கப் போதுமான கஞ்சா. மறுநாள் விடியற்காலையில், தோட்டத்தில் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்கு முன்பே, அவனுடைய தாய் எனக்குத் தொலைபேசியில் அழைத்து, “சேர், நீங்க வந்து கதைச்சா விட்டுருவாங்களா?” என்று கேட்டார்.

நீதிமன்ற வளவில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் ஒரு பொலித்தீன் பையைப் பிரித்து, மகனுடைய பிறப்புச் சான்றிதழையும், சாதாரண தரப் பெறுபேற்றுத் தாளையும், நான் முன்னொரு நாள் எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவற்றை யாரும் கேட்கவில்லை. வாக்குமூலத்தில் என்ன எழுதியிருந்தது என்று பையனிடம் விசாரித்தேன். “சிங்களத்துல எழுதினாங்க சேர், கையெழுத்து வைக்கச் சொன்னாங்க, வச்சேன்” என்றான். அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சில நிமிடங்களில் 10,000 ரூபா தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அன்றைய நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தத் தாய் ஏழு நாளுக்கு மேல் மலையேறிக் கொழுந்தெடுத்து, முழுநாள் கூலிக்கான பேர் வாங்கினால்தான் அந்தத் தொகை சேரும். நீதிமன்றத்துக்கு வந்ததால் இழந்த பேர் தனிக்கணக்கு.

கஞ்சா நல்லது என்று வாதாட நான் இதை எழுதவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்தவன் நான். பதினான்கு, பதினைந்து வயதில் தொடங்கிய பிள்ளைகள் படிப்பில் நாட்டமிழந்து, யாருடனும் ஒட்டாமல் போனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வளரும் பருவத்தில் தொடர்ந்து அதிகமாகப் பாவிப்பவர்களுக்கு உளச்சிதைவு போன்ற கடும் மனநோய்கள் ஏற்படும் ஆபத்து கூடுகிறது என்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதிப்படுத்துகின்றன. பாவிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். ஆனால் இவை அனைத்தும் வைத்தியரிடமும் உளவளத்துணையாளரிடமும் அழைத்துச் செல்வதற்கான காரணங்கள். அந்தப் பையனைச் சிறைக்கூண்டில் ஓர் இரவு வைத்திருந்ததால் இவற்றில் எது குணமாகியது?

நமது சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். நம் முன்னோர்கள் தென்னிந்தியாவிலிருந்து இந்த மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1893-94இல், பிரித்தானிய இந்திய அரசு கஞ்சாவைப் பற்றி ஆராய ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. அது 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பாவனையால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டியதில்லை, வரியும் கட்டுப்பாடும் போதும் என்ற முடிவுக்கு வந்தது. அந்த அறிக்கை ஒருபுறம் கிடக்க, 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருட்கள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1984இல் ஹெரோயின் கடத்தலுக்கு மரண தண்டனை வரை கடுமை கூட்டப்பட்டது. 2022இல் ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமைன் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கஞ்சாவுக்கு மரண தண்டனை இல்லை என்றாலும், கைவசம் வைத்திருப்பதே குற்றம் என்ற அடிப்படை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக அசையவில்லை.

அதே அரசு வேறு சிலருக்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆயுர்வேத மருந்து தயாரிப்புக்குச் சட்டத்திலேயே இடமுண்டு. 2023ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக் கஞ்சாச் செய்கையை ஆராய நிபுணர் குழு முன்மொழியப்பட்டது. 2025இல் மீரிகமவில் ஏற்றுமதிக்காக மட்டும் பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது. டொலர் தேவைப்படும் நாட்டில் இதை நான் முற்றாக எதிர்க்கவில்லை. ஆயினும் எங்கள் ஊர்ச் சந்திகளில் மதுவரித் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தோடு நடக்கும் சாராயக் கடைகள், சம்பள நாள் மாலையில் எத்தனை வீடுகளின் அடுப்பை அணைக்கின்றன என்பதை லயத்தில் வாழ்ந்த எவரும் அறிவர். அந்த வருமானத்தை வாங்கிக்கொள்ளும் கை, பொட்டலம் வைத்திருந்த பையனின் தாயிடமும் நீளும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதை உடனடியாக இடைநிறுத்தி மீளாய்வு செய்யக் கோரினர். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் சிகிச்சையையும் புனர்வாழ்வையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் கட்டாயப்படுத்தி அனுப்பும் அதிகாரமும் அதில் உண்டு. கந்தக்காடு என்ற புனர்வாழ்வு நிலையத்தின் பெயரைக் கேட்டாலே எங்கள் தாய்மார் பயப்படுகிறார்கள். உதவி தேடிப் போனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அந்தப் பயம் இருக்கும்வரை யார் வாய் திறப்பார்?

போர்த்துக்கல் 2001இல் வேறு வழியை எடுத்தது. பத்து நாள் சொந்தப் பாவனைக்குள் அடங்கும் அளவை வைத்திருப்பது அங்கே இன்னும் சட்டவிரோதம்தான், ஆனால் குற்றவியல் குற்றம் இல்லை. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மூவர் கொண்ட குழுவின் முன் செல்கிறார், தேவைப்பட்டால் சிகிச்சைக்கு வழிகாட்டப்படுகிறார். மறுபுறம், தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தெருவெங்கும் கடைகள் முளைத்த பின், 2025இல் மருத்துவச் சீட்டு இன்றி விற்கக் கூடாது என்று திரும்பியது. நான் கேட்பது போர்த்துக்கலின் வழியை ஒத்த ஒன்றை.

டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் உளவளத்துணையாளர் அமரும் ஒரு சிகிச்சை நாளேனும் வேண்டும். பெயர் பொலிசுக்குப் போகாது என்ற எழுத்து மூல உறுதி வேண்டும். முதல் தடவை சிறு அளவோடு பிடிபடுபவரை அங்கே அனுப்பும் அதிகாரம் நீதவானுக்குச் சட்டத்திலேயே தெளிவாக வேண்டும். புரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒருவனும் கையெழுத்திடக் கூடாது. மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசும் அதே குரலில் இதையும் பேச வேண்டும்.

பையன் இப்போது மத்திய கிழக்கு வேலைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறான். பொலிஸ் நற்சான்றிதழில் அந்த வழக்கு எழுதப்பட்டிருக்குமா என்று அவன் தாய் போன வாரமும் என்னிடம் கேட்டார்.